பழைய யந்திரமும் தெளிவான படமும்

பழைய லேசர் அச்சு யந்திரத்தில் எழுத்து முத்துப் போல விழுகிறது. படம் மட்டும் கரி பூசினாற் போல வருகிறது. பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் இந்தக் குறை சாதாரணம். உடனே யந்திரத்தைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட நினைக்கிறோம். சற்றுப் பொறுக்க வேண்டும்.

கறுப்பு அச்சு யந்திரத்துக்குச் சாம்பல் நிறமே தெரியாது. தாளில் கரும்புள்ளி வைக்கும். இல்லையேல் வெறுமையாக விடும். புள்ளித் திரள் பெருத்தால் நிழல், சிறுத்தால் ஒளி. அந்நாளைய பத்திரிகைகளின் ஹாப்டோன் பிளாக்குகள் செய்த ஜாலமும் இதுவே. அந்தக் கலையின் கணக்கை ஆராய்ந்து, இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதியவர் நம் நாட்டவர். கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌதரி. அவர் 1915-இல் காலமானார். அவர் ஆராய்ந்த கணக்கு இன்றும் நமக்கு உதவுகிறது.

1984-இல் வந்த முதல் லேசர்ஜெட் யந்திரம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைத்தது. அத்தகைய யந்திரத்தில் படத்தின் வலையை அங்குலத்துக்கு 100 வரியாக வைத்தால், ஒரு கட்டத்துக்கு 9 புள்ளிகளே கிட்டும். வெண்மையையும் சேர்த்து 10 சாயல்கள். 60 வரியாகக் குறைத்தால் 25 புள்ளிகள், 26 சாயல்கள்! 600 புள்ளி யந்திரத்தில் 85 வரி வைத்தால் ஏறக்குறைய 50 சாயல்கள் பெறலாம். நுணுக்கத்தில் பேராசை வைத்தால் முகத்தின் சாயல் போய்விடும்.

அச்சிடுமுன் படத்தின் நடுத்தர நிழல்களைச் சற்று வெளிறச் செய்க. மைத்தூள் தாளில் பரவிக் கறுப்பைக் கூட்டும். மை சேமிக்கும் ஏற்பாட்டை நிறுத்துக. படம் வரிவரியாக வெளிறினால், மைப் பெட்டியை எடுத்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி மாட்டுக. அதன் உருளையில் வெயில் படலாகாது.

நம் காயல்பட்டினத்துக்கு இன்னொரு பகை உண்டு: கடற்காற்று. ஈரத் தாளில் மின்னேற்றம் நிலைப்பதில்லை. மைத்தூள் சரியாக ஒட்டாமல் படம் திட்டுத்திட்டாகும். ஆகவே வழவழப்பான தாளை வாங்கி, அச்சிடும் வரை கட்டுப் பிரிக்காமல் வைப்பது நலம்.

இவ்வளவு பாடு எதற்கு? 2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் இவ்வூரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் பாட்டனார் படம் ஒருமுறை கரைந்தால் மீளாது. சாதாரண நீர்மையால் அச்சிட்ட நகலும் நனைந்தால் கலங்கிவிடும். லேசர் மைத்தூளோ பிளாஸ்டிக் கலந்தது. சூட்டில் உருகித் தாளோடு பற்றிக்கொள்வதால் தண்ணீரில் எளிதில் கரையாது.

எனவே வீட்டிலுள்ள பழைய படங்களை இன்றே நகலெடுங்கள். ஒரு பிரதியை வெளியூர் உறவினருக்கும் அனுப்புங்கள். பழைய யந்திரம் அந்தப் பணிக்குப் போதும்.