சுற்றுலா போனால் அம்மாவுக்கும் லீவு உண்டா?

"லீவு நாள்ல குழந்தைகளை எங்காவது வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று எல்லாருமே சொல்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு அது லீவுதானா என்று யாராவது யோசித்ததுண்டா தோழிகளே?

எங்கள் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீடுகளில், குழந்தைகள் அவர்களை முழுசாகப் பார்ப்பதே அந்த ஒரு நாள்தான். ஆர்டர் அவசரம் என்றால் அதுவும் போச்சு! அதனால் எப்போதாவது ஒரு ஞாயிறு வெளியே போவது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அதற்கு ஊட்டி, கொடைக்கானல் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம். ஊரை ஒட்டியே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் உலக அளவிலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சாயத்தண்ணீருக்குப் பேர் போன நம்ம ஊருக்கு, இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறதென்றால் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாமா? உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினால், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் திருமூர்த்திமலை. அமணலிங்கேஸ்வரர் கோவில், பஞ்சலிங்க அருவி, அணை மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அருவிக்கு விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னொரு பக்கம் அமராவதி அணை. அங்குள்ள முதலைப் பண்ணையைப் பார்த்தால் குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடப்பதென்ன? காலை 4 மணிக்கு எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அம்மா கட்ட வேண்டும். அருவிக்குப் போனால், "நீ துணிமணி, செல்போனைப் பார்த்துக்கோ, நாங்க குளிச்சிட்டு வந்துடறோம்" என்பார்கள். முதலையைப் பார்க்கப் போனால், தூங்கும் கைக்குழந்தையோடு மரத்தடியில் உட்கார வேண்டியதும் அவள்தான். வீடு திரும்பினால் ஈரத்துணியும் எச்சில் பாத்திரமும் காத்திருக்கும். திங்கட்கிழமை காலையில் கம்பெனி! "இதுக்கு வீட்டுலயே கிடந்தா ரெஸ்டாவது கிடைக்கும்" என்று பல பெண்கள் சலித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுவோம். போகிற இடத்தில் பாத்ரூம் இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் எத்தனை பேர்! வெயிலில் அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்?

அதற்காக வீட்டிலேயே அடைந்து கிடக்கச் சொல்லவில்லை. போகிற முறையை மாற்றுவோம் என்கிறேன். கட்டுச்சோறு என்றால் ஒரே ஒரு சாதமும் ஊறுகாயும் போதும். ஒருநாள் ஓட்டலில் சாப்பிட்டால் கௌரவம் குறையாது. அருவியில் குளிக்கிறதென்றால் முதலில் பெண்கள் போகட்டும், ஆண்கள் துணிக்குக் காவல் இருக்கட்டும். கைக்குழந்தையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தை அவரும் பிள்ளைகளும் கழுவினால் குடியா முழுகிவிடும்? பக்கத்து லைன் வீட்டில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். கம்பெனியும் ரூமும் தவிர வேறெதையும் பார்க்காத பெண்கள் அவர்களில் நிறைய.

சுற்றுலா இடங்களைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செல்பி எடுக்கும் பொம்மையும் வண்ண விளக்கும் அப்புறம் வைக்கலாம். முதலில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, பால் கொடுக்க மறைவான அறை, வயசானவர்கள் உட்கார நிழலில் நாலு பெஞ்சு செய்து கொடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தோழிகளும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாத்தையும் முதலையையும் குழந்தைகள் பார்க்கட்டும், கூடவே அம்மாவும் பார்க்கட்டும். நான் சொல்வது சரிதானுங்களே?

- ஒரு வாசகி, திருப்பூர்.