எழுதிய குறிப்பும் மாறாத மாத்திரையும்

ஆரணியில் பட்டு நெய்பவர், பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார். இழையை முடிச்சிட்ட பிறகே அடுத்த ஊடையை ஓட்டுவார். அறுந்ததைக் கண்டும் நெய்துகொண்டே போனால் சேலை பழுதாகும் என்பதை அவர் அறிவார். இவ்வெளிய அறிவு நம் முதியோர் இல்லங்களுக்கு எட்டாதது ஏன்?

குழித்தறியில் அமர்ந்தே முதுகும் முழங்காலும் தேய்ந்துபோன பெரியவர் ஒருவரை இல்லமொன்றில் கண்டோம். வலிக்கு டைக்ளோபெனாக், இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில், கால் வீக்கத்திற்கு, நீர் பிரிவதற்கான மாத்திரை. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். முதியோர்க்கு அந்த ஆபத்து மிகுதி. அங்கு வந்து பார்த்த மருந்தாளுநர் இதைத் தாளில் எழுதியே கொடுத்திருந்தார். தாள் கோப்பில் கிடந்தது. மூன்று மாத்திரைகளும் முன்போலவே கிண்ணத்தில் கிடந்தன.

காரணம் கேட்டோம். "டாக்டர் எழுதியதை மருந்துக்கடைக்காரர் மாற்றுவதா?" என்றார்கள். மாற்றும்படி யார் சொன்னார்? படித்துப் பார்த்துப் பதில் எழுதுங்கள் என்றுதானே கேட்கிறோம்! சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் மருத்துவரைப் போற்றும்போது, மருந்து செய்பவரையும் மறவாது குறிப்பிடுகிறது. நமக்கு மட்டும் ஏன் இந்தத் தீண்டாமை?

அமெரிக்காவின் பராமரிப்பு இல்லங்களில் மருந்தாளுநர் மாதந்தோறும் மருந்துகளைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 1974-இலேயே வந்துவிட்டது. மருந்தாளுநர் பிழையொன்றைச் சுட்டினால், மருத்துவர் தாம் செய்ததை எழுத வேண்டும். எதையும் மாற்றாவிடில் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும் என்கிறது அங்குள்ள இன்றைய விதி. நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுமைத் தொழில் விதிகள், நோயாளிக்கு ஆலோசனை கூறும் கடமையை மருந்தாளுநருக்கு அளித்துள்ளன. சொல்பவருக்குக் கடமை உண்டென்றால், கேட்பவருக்கு இல்லையா?

நம் இல்லங்களில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் அன்பு மட்டும் சிறுநீரகத்தைக் காத்துவிடாது. மருந்தாளுநரின் ஒவ்வொரு குறிப்பின் கீழும் 'ஏற்கிறேன்' என்றோ, 'ஏற்கவில்லை, காரணம் இது' என்றோ எழுதி மருத்துவர் கையொப்பமிடட்டும். இல்லப் பொறுப்பாளர் வாரந்தோறும் அதைப் பார்க்கட்டும். பெற்றோரை அங்கே விட்டிருக்கும் நாமோ, ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தத் தாளையும் கேட்போம். மருந்தை நாமாக நிறுத்துவது தவறு. கேள்வியை நிறுத்துவதும் தவறே.

இழை அறுந்தது என்று எழுதி வைத்தால் போதுமா? முடிச்சிட ஒரு கை வேண்டாமா?