பன்னீர் திராட்சை எத்தனை டன் தேறும்?

கேள்வி: பந்தலைப் பார்த்த வியாபாரி, "மூணு டன்தான் தேறும், மொத்தமா விலை பேசுவோம்" என்கிறார். நாங்களே கணக்கிட முடியுமா?
– வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: முடியும். காய் நிறம் ஏறுவதற்குச் சற்று முன்பு இருக்கும் எடை, அறுவடை எடையில் ஏறக்குறையப் பாதி. அந்தச் சமயத்தில் தோட்டத்தின் பல பக்கமும் 20 கொடிகளில் குலைகளை எண்ணுங்கள். ஓரத்துக் கொடிகளை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பிவிடும். பெரிதும் சிறிதுமாகச் சில குலைகளை அறுத்து எடை போட்டு, சராசரியை இரட்டிப்பாக்குங்கள். பட்டுப்போனது போக 600 கொடி, கொடிக்கு 25 குலை, குலை இப்போது 120 கிராம் என்றால் 3.6 டன் வரும். வியாபாரி சொன்னதைவிட 600 கிலோ கூடுதல்! இடையில் சாம்பல் நோயோ, மழையில் பழ வெடிப்போ வந்தால் குறையும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி எடை பாருங்கள், அப்போது இரட்டிப்பாக்க வேண்டாம். கிலோ கணக்கில் விற்பதுதான் நல்லது. மொத்தமாகத்தான் என்றால், எண்ணி எழுதிய நோட்டோடு பேச உட்காருங்கள்.