கொலைக் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

தேர்தல் நெருங்கினால் போதும், ஒரு ஒப்பீடு வாட்ஸ்அப்பில் வலம் வரத் தொடங்கிவிடும். லட்சம் பேருக்கு உத்தரப் பிரதேசத்தில் 1.5 கொலை, தமிழ்நாட்டில் 2.2 கொலை. 'இதுதான் உங்கள் சமூகநீதி மண்ணா?' என்று கேலியோடு முடியும். பதிலுக்கு நம் தோழர்கள் இன்னொரு அட்டவணையை எடுத்து வீசுவார்கள்: பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களில் தமிழ்நாட்டின் விகிதம் உ.பி.யினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளவை. அந்த ஆண்டு உ.பி.யில் பதிவான கொலை வழக்குகள் 3,491, தமிழ்நாட்டில் 1,690. மக்கள்தொகையால் வகுத்தால் மேலே சொன்ன விகிதம் வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு சாவு எந்தக் கட்டத்தைத் தாண்டினால் 'கொலை' என்ற கட்டத்துக்குள் போய் விழுகிறது என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

திருட்டையோ பாலியல் வன்முறையையோ புகார் வாங்காமலே மறைத்துவிடலாம், சடலத்தை அப்படி மறைக்க முடியாது, எனவே கொலைக் கணக்குதான் நம்பகமானது என்பார்கள். பெருமளவுக்கு உண்மைதான். ஆனால் சடலத்துக்கு வேறு பெயர் வைக்கலாம்.

2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. சட்டைப் பையில் கடிதம், முதல் பதிவு சந்தேக மரணம். குடும்பமும் இயக்கங்களும் விடாமல் நின்றதால்தான் அது கொலை வழக்கானது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003 ஜூலையில் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட கண்ணகி – முருகேசன் வழக்கில் காவல்துறை உடனே வழக்குப் பதியவே இல்லை. கீழமை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. யாரும் போராடாத ஊர்களில் இப்படிப்பட்ட சாவுகள் எந்த அட்டவணையில் படுத்திருக்கின்றன?

அதே 2022இல் தமிழ்நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 25.9. உ.பி.யில் வெறும் 3.5. இந்த ஏழு மடங்கு வித்தியாசம் முழுக்க மனிதர்களின் மனநிலையால் வந்தது என்று நம்ப முடியுமா? பதிவு செய்யும் பழக்கமும் இதில் கலந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தற்கொலைகளெல்லாம் மறைக்கப்பட்ட கொலைகள் என்று நான் சொல்ல வரவில்லை. தற்கொலை, விபத்து, சந்தேக மரணம், கொலை ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் கொலையை மட்டும் உருவி ஒப்பிடக்கூடாது என்கிறேன்.

அமெரிக்காவில் கொலைக்கு இரண்டு பேரேடுகள் உண்டு. காவல்துறைத் தரவை எஃப்.பி.ஐ. தொகுக்கிறது, இறப்புச் சான்றிதழ்களிலிருந்து சுகாதாரத் துறை தனியாகக் கணக்கிடுகிறது. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். சுகாதாரக் கணக்கு இனவாரியாகவும் வெளியாவதால், கறுப்பின மக்கள் கொல்லப்படும் விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை எந்த அரசாலும் மறைக்க முடிவதில்லை. இங்கே 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. ஆக, காவல் நிலையம் எழுதுவதே வரலாறு.

சரி, பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களின் அட்டவணைக்கு வருவோம். நம் தோழர்கள் பெருமையோடு பகிரும் அந்த விகிதத்தின் வகுக்கும் எண், 2011 கணக்கெடுப்பின் பட்டியல் சாதி மக்கள்தொகை. கிறித்தவத்துக்கு மாறிய தலித் சட்டப்படி பட்டியல் சாதி இல்லை. அவரை ஆதிக்க சாதியினர் வெட்டிக் கொன்றாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயாது, அட்டவணையிலும் ஏறாது. தலித் கிறித்தவர்கள் கணிசமாக வாழும் தமிழ்நாட்டில் இது சின்ன ஓட்டையா?

'ஆணவக் கொலை' என்ற தலைப்பைப் பாருங்கள். காப்பகம் 2014இல்தான் அதைத் தனியாக எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 28. அடுத்த ஆண்டு 251. அதற்கடுத்த ஆண்டு 77. 2019இலும் 2020இலும் தலா 25, 2021இல் 33. ஒரே ஆண்டில் சாதிவெறி ஒன்பது மடங்கு ஏறி, மறு ஆண்டே இறங்கிவிட்டதா? கொலைக்கான நோக்கத்தை விசாரணை அதிகாரி எந்தத் தலைப்பில் எழுதுகிறார் என்பதைத்தான் இந்த ஏற்ற இறக்கம் காட்டுகிறது.

விகிதத்தால் அளக்கவே முடியாத ஒன்றும் உண்டு: பயம். சாதி மீறிக் காதலிக்க, கோவிலுக்குள் நுழைய, கூலி உயர்வு கேட்க யாருமே துணியாத ஊரில் கொலை நடக்காது. அந்த ஊரின் பூஜ்ஜியம் அமைதியா, அடங்கிப்போனதா? அட்டவணைக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் விழுந்த ஒரே ஒரு வெட்டு பத்து ஊர்ப் பிள்ளைகளை அடக்கி வைத்திருக்கலாம். உலகக் கொலை விகிதம் 5.8, நம்முடையது 2.1, ஆகவே நாம் அமைதியான சமூகம் என்று மார்தட்டுபவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எண்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. எண் இல்லாத இடத்தில் அரசு 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லிவிடும். கையால் மலம் அள்ளும் தொழிலால் சாவே இல்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் 900க்கும் மேற்பட்டோர் செத்ததாக அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போதுதான் இந்தப் பதில். தலைப்பை மாற்றினால் பிணங்கள் காணாமல் போகும்.

நெல்லையில் கவின் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. நாம் அதன் முன் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை, ஒழுங்காக எண்ணுங்கள் என்பதுதான். சாதி மறுப்புக் காதலோ திருமணமோ பின்னணியில் உள்ள எல்லாச் சந்தேக மரணக் கோப்புகளையும் (பழைய 174, இப்போதைய 194 பிரிவு) திறந்து பார்க்க வேண்டும். இறந்தவர், குற்றம் சாட்டப்பட்டவர் இருவரின் சாதியையும் பதிய வேண்டும். தலித் கிறித்தவர்களைச் சேர்க்க வேண்டும். கொல்லப்படுவது ஆதிக்க சாதிப் பெண்ணாக இருந்தாலும் அது சாதிக்கொலைதான் என்று எழுத வேண்டும். மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அப்படி எண்ணினால் தமிழ்நாட்டின் எண்ணிக்கை கூடும். வாட்ஸ்அப்பில் கேலி செய்பவர்களுக்குத் தீனி கிடைக்கும். கிடைக்கட்டும் தோழர்களே. மாநிலத்தின் மானம் காப்பதற்காக நாம் கணக்குக் கேட்கவில்லை, அடுத்த பிள்ளையைக் காப்பாற்றக் கேட்கிறோம்.