அப்பாவின் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தீங்களா?

'பி.பி. நார்மல்தானே, மாத்திரை எதுக்கு?' ஊரிலிருந்து அப்பா போனில் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் பி.பி. சத்தமில்லாமல் ஏறும்; பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பல வீடுகளில் விஷயமே தெரியவரும். சில சுகர் மாத்திரைகளில் சிக்கல் வேறு மாதிரி: போட்டுவிட்டு, பசியில்லை என்று படுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம்தான். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா என்று தினமும் பார்க்க அந்த ஊழியரால் முடியாது. அது நம்ம வேலை. 'சாப்பிட்டீங்களா?' என்று மட்டும் கேட்டு போனை வைக்காதீங்க. வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லி, எத்தனை மிச்சம் என்று எண்ணுங்க. திட்டுவார், பரவாயில்லை.