பிழைப் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள்!

புதிதாக ஒரு சாப்ட்வேர் தொகுப்பினை இன்ஸ்டால் செய்திட முடிவெடுக்கும்போது நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் டவுண்லோட் செய்துள்ளனர், பைலின் அளவு என்ன, நம் கம்ப்யூட்டரில் இயங்குமா என்று பார்ப்போம். நண்பர் ஒருவர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

அந்த சாப்ட்வேரைத் தயாரிக்கும் குழுவினர், தங்களுக்கு வரும் குறைகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. ஓப்பன் சோர்ஸ் தொகுப்புகள் பலவற்றுக்கு இந்தப் புகார்ப் பட்டியல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்திலேயே உள்ளது. இதனை பக் டிராக்கர் அல்லது இஷ்யூ டிராக்கர் என்று அழைக்கின்றனர். நட்சத்திரங்களைக் காட்டிலும் இந்தப் பட்டியல்தான் உண்மையைச் சொல்லும் என்பது என் கருத்து. ஆனால், அதனைப் படிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம்

பட்டியலைத் திறந்தவுடன் கண்ணில் படுவது எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் புகார்கள் திறந்த நிலையில் இருந்தால், "இவ்வளவு பிழைகளா?" என்று மிரண்டு போகிறோம். பத்தே புகார்கள் இருந்தால், நல்ல தொகுப்பு என்று நினைக்கிறோம். இரண்டும் தவறான முடிவாக இருக்கலாம்.

மொஸில்லா அமைப்பு 1998ஆம் ஆண்டிலிருந்து பக்ஸில்லா என்ற பிழைப் பட்டியலைப் பயன்படுத்தி வருகிறது. அதில் பதிவுகளின் வரிசை எண் 2014ல் 10 லட்சத்தைத் தொட்டது. இவை எல்லாமே பிழைகள் அல்ல. புதிய வசதி கேட்பது, குழுவினர் தங்களுக்குள் பிரித்துக் கொள்ளும் வேலை ஆகியவையும் இதே பட்டியலில்தான் பதிவாகின்றன. பலர் பயன்படுத்தி, பலர் எழுதுவதால் பட்டியல் நீள்கிறது. யாருமே பயன்படுத்தாத புரோகிராமிற்குப் புகாரும் வராது.

பழைய புகார் இருப்பதும் நோய்க்கு அறிகுறி அல்ல. பயர்பாக்ஸ் பிரவுசரில், வேறு புரோகிராமிற்கு மாறிய பின்னரும் டூல் டிப் என்னும் சிறிய விளக்கக் கட்டம் திரையில் அப்படியே நிற்கும் பிழை ஒன்று இருந்தது. 2002ல் பதிவான இது 2023ல்தான் சரி செய்யப்பட்டது. எரிச்சல் தரும் பிழைதான். ஆனால் யாருடைய பைலும் இதனால் அழியவில்லை. எனவே அது காத்திருந்ததைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

ஓட்டுப் போட்டால் போதுமா?

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்? ஆபத்தான புகார் ஒன்று வந்தால், கூட்டத்திற்கு நடுவிலும் அது உரியவர் கண்ணில் படுகிறதா என்பதைத்தான். இதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அனுபவமே நல்ல பாடம்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 2ல் விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு வெளியானது. அதற்கு அப்டேட் செய்த சிலருடைய டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களில் இருந்த பைல்கள் காணாமல் போயின. இந்தப் போல்டர்களை வேறு டிரைவிற்கு மாற்றி அமைத்துவிட்டு, பழைய இடத்திலும் பைல்களை விட்டு வைத்திருந்தவர்கள் பாதிக்கப்பட்டனர். சில நாட்களில் மைக்ரோசாப்ட் அப்டேட்டை நிறுத்தி வைத்தது. சரி செய்து மீண்டும் வெளியிட நவம்பர் 13 ஆகிவிட்டது.

இதில் வேதனை என்னவென்றால், பைல்கள் அழிவதாகச் சோதனைப் பயனாளர்கள் சிலர் பீட்பேக் ஹப் அப்ளிகேஷனில் முன்பே எழுதியிருந்தனர். அங்கு ஒரு புகாருக்கு மற்றவர்கள் போடும் ஓட்டுதான் அதனை மேலே கொண்டு வரும். 10 ஆயிரம் பேரில் ஒருவர் அளவிற்கே இந்தப் பாதிப்பு பதிவானதாக மைக்ரோசாப்ட் தெரிவித்தது. அவ்வளவு அரிதான பிழைக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? புகார் அடியிலேயே கிடந்தது. இதற்குப் பின்னரே, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் பயனாளர் குறிப்பிடும் வசதி அங்கு தரப்பட்டது.

டெபியன் லினக்ஸ் குழுவினர் இதனை வேறு விதமாகக் கையாள்கின்றனர். அவர்களின் பட்டியலில் ஒவ்வொரு பிழைக்கும் அதன் கடுமையைக் காட்டும் ஒரு நிலை உண்டு. டேட்டாவை அழிக்கும் பிழை, எழுதியவர் ஒருவரே என்றாலும், மேல் நிலைகளில் ஒன்றில்தான் வைக்கப்படும். அந்த நிலைகளில் உள்ள பிழைகளைக் கவனிக்காமல் புதிய பதிப்பினை வெளியிட மாட்டார்கள். தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்று எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கும் இது முக்கியம். ஓட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம் புகார் என்றைக்கு மேலே வரும்?

மூடுவது வேறு, முடிப்பது வேறு

சில குழுக்கள் பட்டியலைச் சுத்தமாகக் காட்டுவதற்காகப் புகார்களை மொத்தமாக மூடிவிடுகின்றன. மொஸில்லா திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேமி ஜவின்ஸ்கி, ஜினோம் டெஸ்க்டாப் குறித்து 2003லேயே இதனைக் கிண்டல் செய்து எழுதினார். புகாரைச் சரி செய்யாமல் புரோகிராமைத் திரும்ப எழுதுவது, பிறகு "அது பழைய பதிப்பு" என்று சொல்லிப் புகாரை மூடுவது என்ற பழக்கத்தைத்தான் அவர் சாடினார்.

இன்று அந்த வேலையைச் செய்திடத் தானியங்கி வசதியே வந்துவிட்டது. கிட்ஹப் தளத்தில் ஸ்டேல் என்ற வசதி உள்ளது. அமைப்பை மாற்றாமல் விட்டால், 60 நாட்கள் யாரும் தொடாத புகாருக்கு அடையாளம் இட்டு, மேலும் 7 நாட்கள் பார்த்துவிட்டு மூடிவிடும். குழுவினர் படிக்காமல் விட்ட புகாரும் இப்படி மூடப்படலாம் என்பதுதான் சிக்கல்.

குழுவினர் தரப்பிலும் நியாயம் உண்டு. பல தொகுப்புகளை விரல் விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களே கவனிக்கின்றனர். எல்லாவற்றுக்கும் பதில் எழுத அவர்களுக்கு நேரம் இருக்காது. அதற்கும் நல்ல வழி இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் குழுவினர், ஓராண்டிற்கு மேல் அசைவில்லாத பிழைகளுக்கு, "புதிய பதிப்பிலும் இது வருகிறதா, சோதித்துச் சொல்லுங்கள்" என்று எழுதுகின்றனர். "இதனைச் செய்யப் போவதில்லை" என்று காரணத்துடன் மூடுவதும் நேர்மையே. நாம் வேறு தொகுப்பைத் தேடிக் கொள்ளலாம் அல்லவா?

பத்து நிமிடச் சோதனை

ஒரு குழுவின் பட்டியல் நல்ல நிலையில் உள்ளதா எனக் கண்டறிய, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. கடைசியாக வந்த 20 புகார்களைத் திறக்கவும். எத்தனைக்குக் குழுவினர் யாராவது பதில் எழுதியுள்ளனர்? "கூடுதல் தகவல் தேவை" என்ற ஒரு வரி கூட நல்ல அறிகுறிதான்.

2. கடைசியாக மூடப்பட்ட 20 புகார்களைப் பார்க்கவும். சரி செய்து மூடப்பட்டவை எத்தனை, நாள் கடந்ததால் மூடப்பட்டவை எத்தனை?

3. தேடல் கட்டத்தில் டேட்டா லாஸ், கிராஷ் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். இவற்றுக்குக் கிடைத்த வேகத்தையும், நிறம் மாற்றுங்கள் போன்ற கோரிக்கைகளுக்குக் கிடைத்த வேகத்தையும் ஒப்பிடவும்.

4. பதில் எழுதுபவர் ஒரே ஒருவரா? அவர் விலகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவும்.

5. சரி செய்ததாகச் சொல்லப்பட்ட பிழை, அடுத்த பதிப்பின் ரிலீஸ் நோட்ஸ் பக்கத்தில் இடம் பெற்றுள்ளதா எனப் பார்க்கவும்.

ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு தொடர்பான பிழைகளைச் சரி செய்யும் வரை பல குழுக்கள் வெளியில் காட்டுவதில்லை. திருடர்களுக்கு வழி சொல்லாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதனைத் தவறாக எண்ண வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் பலவற்றில் இந்தப் பட்டியல் நமக்குக் கிடைப்பதில்லை. தெரிந்த பிழைகளையாவது வெளியிடுகிறார்களா என்று பார்க்கலாம். விண்டோஸ் பதிப்புகளின் பிழைகளை அறிவிக்கத் தனிப் பக்கம் ஒன்றை மைக்ரோசாப்ட் 2019ல் தொடங்கியது. அப்டேட் செய்யும் முன் அதனை ஒருமுறை படிப்பது நல்லது.

குடும்பப் போட்டோக்கள், வருமான வரிக் கணக்கு, பாஸ்வேர்டுகள் என நம்மிடம் உள்ள முக்கியமானவற்றை எல்லாம் ஏதோ ஒரு சாப்ட்வேரிடம்தான் ஒப்படைக்கிறோம். அதில் ஒருநாள் நமக்கும் பிரச்னை வரலாம். அன்று நாம் எழுதப் போகும் புகாரும் இந்தப் பட்டியலில்தான் சேரும். அங்கு அதனைப் படிக்க ஆள் இருக்கிறதா என்பதை இன்ஸ்டால் பட்டனில் கிளிக் செய்யும் முன்னரே தெரிந்து கொள்ளுங்கள்.