எண் குறைந்தால் தண்ணீர் சுத்தமா?

மும்பையின் வடாலா, ஆண்டாப் ஹில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மே மாத லீவுக்கு ஊருக்குப் புறப்படும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அப்பாவும் அம்மாவும் இன்னும் போர்த் தண்ணியையே குடிக்கிறாங்க. இந்தத் தடவை ஒரு ஆர்.ஓ. மெஷின் மாட்டிட்டு வந்துரணும்." பிள்ளைகளின் அக்கறையில் குறையில்லை. டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்கினால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கைதான் கோளாறு.

தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து, கரைந்த உப்பைத் தோராயமாகக் கணக்கிடுகிறது அந்த மீட்டர். கரைந்திருப்பது கால்சியமா, ஃப்ளோரைடா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமியைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. செப்டிக் டேங்க் கசிந்து கெட்ட கிணறு 300 காட்டலாம். கிருமியே இல்லாத சவர்க்கிணறு 900 காட்டலாம். குடிநீருக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 10500-ஐப் பாருங்கள்: டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரைகூடப் பரவாயில்லை என்கிறது. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

விற்க வருகிறவர் இன்னொரு வித்தையும் காட்டுவார். குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் பழுப்பாகித் திரியும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. மின்சாரத்தில் கரைந்த இரும்புக் கம்பியின் துரு. உப்பு மிகக் குறைந்த ஆர்.ஓ. நீரில் மின்சாரம் அதிகம் ஓடாது, கம்பியும் அவ்வளவாகக் கரையாது. அதே ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

மும்பையிலேயே இந்த வியாபாரம் எதற்கு? 2019 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் மும்பைக் குழாய்நீரின் 10 மாதிரிகளும் தேறின. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்றது. குழாய்நீர் தேறிவிட்டதால், நம் கட்டடங்களில் கழுவ வேண்டியது மொட்டைமாடித் தொட்டியைத்தான்.

ஆர்.ஓ.வே வேண்டாம் என்று சொல்லவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் அது உதவும். அங்கே கொதிக்க வைத்துப் பயனில்லை, நீர் வற்ற வற்ற ஃப்ளோரைடின் அடர்த்தி கூடும். ஆனால் ருசிக்காக மெஷினின் டிடிஎஸ் கன்ட்ரோலரைத் திறந்தால், ஆர்.ஓ. சவ்வு வழியே போகாத நீர் கலந்து ஃப்ளோரைடும் திரும்பி வரும். கிருமி மட்டுமே பிரச்சினையென்றால் குளோரினோ கொதிக்க வைப்பதோ போதும்: 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரக் காத்திருப்பு. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே 15 மீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோய் தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அங்கே மாதிரி கொடுங்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி நான்கையும் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை மெஷினுக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.